வட்டியும் ஒரு சாகுபடிச் செலவே

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கணக்குப் பார்க்காமல் இருப்பதற்கு இதையே ஒரு காரணமாகப் பலர் சொல்வதுண்டு. உண்மையில் கணக்குப் பார்த்தால்தான் உழக்கு எங்கே போயிற்று என்பது தெரியும். விதை, உரம், பூச்சி மருந்து, உழவுக் கூலி, நடவுக் கூலி, அறுப்புக் கூலி ஆகியவற்றை விவசாயிகள் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்தச் செலவுகளைச் செய்வதற்கு வாங்கிய பணத்திற்கு எவ்வளவு வட்டி கொடுத்தோம் என்று கேட்டால் பலரிடம் விடை இருக்காது. வட்டியைக் குடும்பச் செலவோடு சேர்த்துவிடுகிறோம். அது சாகுபடிச் செலவில் சேர வேண்டியது. பல வீடுகளில் உரச் செலவுக்கு அடுத்தபடியான பெரிய செலவாகவும் அது இருக்கிறது.

வங்கிக் கணக்கு எல்லோருக்கும் வேண்டும், வங்கிச் சேவை எல்லாக் கிராமங்களுக்கும் போய்ச் சேர வேண்டும், அதனால் நாடு வளரும் என்று இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறோம். இது உண்மைதான். ஆனால் பாஸ் புத்தகம் ஒன்று பெட்டியில் இருப்பதால் மட்டும் எந்த வீடும் வளர்ந்துவிடாது. சாகுபடிக்குத் தேவையான பணம், பயிருக்குத் தேவையான நாளில், எழுத்தில் கண்ட நியாயமான வட்டியில் கைக்கு வர வேண்டும். அப்போதுதான் பலன் உண்டு. அதைச் சிறு விவசாயி எப்படிப் பெறுவது என்பதை இங்கே பார்ப்போம்.

மூன்று வட்டி என்றால் எவ்வளவு?

கிராமங்களில் வட்டியை மாதக் கணக்கில் சொல்வது வழக்கம். "மூன்று வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். கேட்பதற்குச் சிறிய தொகைதான். ஆனால் ஆண்டுக் கணக்கில் அது 36 சதவீதம். வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் வட்டியை ஆண்டுக் கணக்கில் சொல்கின்றன. ஆகவே "அங்கே ஏழு, இங்கே மூன்றுதானே" என்று ஒப்பிடுவது பெரிய தவறு. ஏழு என்பது ஆண்டுக்கு. மூன்று என்பது மாதத்திற்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் ஏக்கர் நெல் சாகுபடிக்கு 30,000 ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நாற்று விட்டது முதல் நெல்லை விற்றுப் பணம் கைக்கு வரும் வரை ஆறு மாதம் ஆகும். மூன்று வட்டிக்கு வாங்கினால் ஆறு மாத வட்டி 5,400 ரூபாய். கிசான் கடன் அட்டை வழியாக 7 சதவீத வட்டியில் பயிர்க்கடன் வாங்கினால் 1,050 ரூபாய். கெடு தேதிக்குள் கட்டியவருக்கு மத்திய அரசு மேலும் 3 சதவீதச் சலுகை தருவதால் வட்டி 4 சதவீதமாகக் குறையும். அப்போது செலவு 600 ரூபாய்தான். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பயிர்க்கடன் வாங்கிக் கெடுவுக்குள் கட்டினால் அந்த வட்டியையும் மாநில அரசே ஏற்றுக்கொள்கிறது.

இதை நெல்லாக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். 2025-26-ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு அறிவித்த பொது ரக நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மூன்று வட்டிக்கு வாங்கியவர் வட்டிக்கு மட்டும் சுமார் இரண்டேகால் குவிண்டால் நெல்லைக் கொடுக்கிறார். 4 சதவீதத்தில் வாங்கியவர் கொடுப்பது சுமார் 25 கிலோ. ஏக்கருக்கு இரண்டு குவிண்டால் கூடுதல் மகசூல் எடுக்க நாம் எத்தனை பாடுபடுகிறோம்! அதே இரண்டு குவிண்டால் வட்டியில் போய்விடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத வட்டி

சொல்லும் வட்டி ஒன்று, கொடுக்கும் வட்டி வேறொன்றாக இருப்பதும் உண்டு. கீழ்க்கண்ட நான்கு முறைகளை விவசாயிகள் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வாரத் தவணைக் கடன். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். வாரம் 1,000 ரூபாய் வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசலும் வாராவாரம் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது சுமார் 160 சதவீத வட்டி.

இரண்டாவது, அசல் குறைந்தாலும் வட்டி குறையாத கடன். 50,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்று சொல்லி, 6,000 ரூபாய் வட்டியைச் சேர்த்து 56,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதத் தவணையாகப் பிரித்துவிடுவார்கள். மாதாமாதம் அசல் கட்டக் கட்ட நிலுவைக்கு மட்டும் வட்டி போடுவதே முறை. அப்படிக் கணக்கிட்டால் இந்தக் கடனின் உண்மையான வட்டி 21 சதவீதத்திற்கும் மேல். "நிலுவைக்கு வட்டியா, முழுத் தொகைக்கு வட்டியா?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மூன்றாவது, வியாபாரி தரும் முன்பணம். வட்டியே இல்லை, விளைந்ததை எனக்கே கொடுத்தால் போதும் என்பார். நிலக்கடலைக்கு 30,000 ரூபாய் முன்பணம் வாங்கியவர் ஐந்து மாதம் கழித்துப் பத்து குவிண்டால் காயைச் சந்தை விலைக்கு 300 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 3,000 ரூபாய்தான் வட்டி. ஆண்டுக்கு அது 24 சதவீதம். எடையில் கழிக்கும் கழிவு தனி.

நான்காவது, நகைக் கடன். அவசரத்திற்கு இது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாகுபடிக்கென்று நகையை வைக்கும்போது, அது சாதாரண நகைக் கடனா, கிசான் கடன் அட்டைக் கணக்கின் வழியாக வரும் பயிர்க்கடனா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் வட்டிச் சலுகை கடன் அட்டை வழியாக வரும் கடனுக்கே கிடைக்கும்.

பருவம் தவறிய பணம்

கடனின் வட்டி எவ்வளவு முக்கியமோ, அது வரும் நாளும் அவ்வளவு முக்கியம். நெற்பயிருக்குத் தழைச்சத்தைத் தூர் கட்டும் பருவத்திலும் கதிர் உருவாகும் பருவத்திலும் பிரித்து இட வேண்டும் என்று சிபாரிசு செய்கிறோம். தூர் கட்டும் பருவத்தில் இட வேண்டிய யூரியாவை மூன்று வாரம் கழித்து இட்டால், தழை பச்சையாக வளரும், தூர் கூடாது. பூச்சியும் நோயும் கூடும். களை எடுக்க ஆள் கூலி இல்லாமல் பத்து நாள் தள்ளிப்போனால், பயிருக்கு இட்ட உரத்தைக் களை தின்றுவிடும். இந்தத் தாமதங்களுக்கெல்லாம் விவசாயியின் அறியாமை காரணமன்று. பெரும்பாலும் கையில் பணம் இல்லாததே காரணம்.

பயிருக்குத் தேவைப்படும் நாளுக்குப் பின்பு வரும் கடன் சாகுபடிக் கடனாக இராது. அது வேறு செலவில் கரைந்து, பாக்கியாக மட்டும் நிற்கும். ஆகவே விதைப்புக்கு ஆறு வாரம் முன்பே கடன் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு சங்கத்திற்குப் போனால், அங்கே ஏற்கெனவே நூறு பேர் நிற்பார்கள்.

நூற்றாண்டு கடந்த முயற்சி

விவசாயியைக் கடன் சுமையிலிருந்து மீட்க வேண்டும் என்ற எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை இதை ஆராயும்படி பணித்தது. அவரது அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. ஜெர்மனியில் ரெய்ஃபைசன் என்பவர் தோற்றுவித்த கிராமக் கடன் சங்கங்களைப் போல இங்கும் தொடங்கலாம் என்பது அதன் சாரம். 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் கிராமக் கடன் சங்கம் தொடங்கியது.

ஆயினும் ஐம்பது ஆண்டு கழித்து, 1951-52-ல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு தந்த கணக்கு ஏமாற்றமாகவே இருந்தது. விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு சுமார் 3 சதவீதம். வணிக வங்கிகளின் பங்கு ஒரு சதவீதத்திற்கும் குறைவு. சுமார் 70 சதவீதத்தை வட்டிக்கடைக்காரர்களும் வட்டிக்கு விடும் பெரிய நிலக்காரர்களும் கொடுத்தனர்.

அதன் பின்பு நடந்தவை பலரும் அறிந்தவை. 1969-ல் 14 வங்கிகளும் 1980-ல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமையாயின. 1975-ல் வட்டார கிராம வங்கிகள் வந்தன. 1982-ல் நபார்டு வங்கி தொடங்கியது. 1992-ல் சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் முயற்சியை அது ஆரம்பித்தது. 1998-ல் கிசான் கடன் அட்டை வந்தது. 2005-ல் புதுச்சேரியைச் சேர்ந்த மங்கலம் கிராமத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கி வசதி அளிக்கப்பட்டது. நாட்டிலேயே இந்நிலையை எட்டிய முதல் கிராமம் அதுவே. 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் தொடங்கி, கோடிக்கணக்கானவர்கள் கணக்குத் திறந்தனர்.

நாடு வளர்வது எப்படி?

வங்கிக் கிளைக்கும் நாட்டின் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1977 முதல் 1990 வரை நம் நாட்டில் ஒரு விதி இருந்தது. ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் கிளை திறந்தாக வேண்டும். இதன் பலனை ராபின் பர்ஜெஸ், ரோகிணி பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டனர். கிராமக் கிளைகள் பெருகியதால் கிராமப்புற வறுமை குறைந்தது என்றும், விவசாயம் அல்லாத தொழில்களின் உற்பத்தி கூடியது என்றும் அவர்கள் கண்டனர். அக்காலத்தில் கொடுத்த கடனில் பெரும் பகுதி திரும்பி வராததையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். 1990-ல் அந்த விதி கைவிடப்பட்டது. பணம் கிராமத்திற்குப் போனால் வளர்ச்சி உண்டு, திரும்பி வராவிட்டால் ஏற்பாடு நிலைக்காது என்ற இரண்டு பாடங்களும் இதில் இருக்கின்றன.

இதை ஒரு கிராமத்தின் அளவில் பார்ப்போம். 200 விவசாயக் குடும்பங்கள் உள்ள ஓர் ஊர். ஒவ்வொரு குடும்பமும் ஒரு போகத்திற்கு 30,000 ரூபாய் கடன் வாங்குகிறது. மேலே கண்ட கணக்குப்படி, மூன்று வட்டிக்குப் பதிலாக 4 சதவீதக் கடன் கிடைத்தால் ஒரு குடும்பத்திற்கு 4,800 ரூபாய் மிஞ்சும். ஊர் முழுவதற்கும் 9,60,000 ரூபாய். ஒரே போகத்தில் மிஞ்சும் பணம் இது. ஒரு வீட்டில் அது கறவை மாடாகும். இன்னொரு வீட்டில் சொட்டுநீர்க் குழாயாகும், பிள்ளையின் படிப்பாகும். கொல்லுப் பட்டறைக்கும் தையல் கடைக்கும் வேலை வரும். நாட்டின் வளர்ச்சி என்று பெரிய புத்தகங்களில் எழுதுவது இப்படிச் சிறு சிறு மிச்சங்களின் கூட்டுத்தொகையே.

கணக்கு உண்டு, கடன் இல்லை

உலக வங்கியின் கணக்கெடுப்பின்படி, 2011-ல் இந்தியாவில் வயது வந்தோரில் 35 சதவீதத்தினரிடமே கணக்கு இருந்தது. 2017-ல் அது 80 சதவீதமாயிற்று. வேறெந்தப் பெரிய நாட்டிலும் இத்தனை வேகம் காண்பது அரிது. ஆனால் அதே கணக்கெடுப்பு 2021-ல் இன்னொன்றையும் சொன்னது. இந்தியாவில் கணக்கு வைத்திருப்பவர்களில் 35 சதவீதத்தினர் ஓராண்டாக அதில் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. மானியமும் உதவித் தொகையும் வந்து இறங்கும் இடமாக மட்டுமே பல கணக்குகள் இருக்கின்றன.

கடன் விஷயத்தில் சிறியவர் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. 2013-ஆம் ஆண்டு தேசிய மாதிரி ஆய்வின்படி, பத்து ஹெக்டேருக்கு மேல் நிலம் உள்ளவர்களின் கடன் பாக்கியில் சுமார் 79 சதவீதம் வங்கி, சங்கம் போன்ற நிறுவனங்களிலிருந்து வந்தது. இரண்டரை சென்டுக்கும் குறைவாக நிலம் உள்ளவர்களுக்கு அது சுமார் 15 சதவீதம்தான். 2019-ஆம் ஆண்டு ஆய்வில் எல்லா விவசாயக் குடும்பங்களையும் சேர்த்து நிறுவனக் கடனின் பங்கு ஏறக்குறைய 70 சதவீதமாக உயர்ந்திருந்தது. இது நல்ல முன்னேற்றமே. ஆயினும் அப்போதும் கடன் பாக்கியில் ஐந்தில் ஒரு பங்கு வட்டிக்குக் கொடுப்பவர்களிடம்தான் இருந்தது.

ஏன் இந்த நிலை? வட்டிக்குக் கொடுப்பவர் நடு இரவில் கதவைத் தட்டினாலும் பணம் தருகிறார், காகிதம் கேட்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவும் சாவுச் செலவும் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. வங்கியிலோ சிட்டா, அடங்கல், நிலப் பத்திரம் என்று நாலு முறை அலைய வேண்டியிருக்கிறது. ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போகிறது. இக்குறையை நீக்க வேண்டியது நிறுவனங்களின் கடமை. நம் பக்கத்திலும் செய்யக்கூடியவை சில உண்டு.

கிசான் கடன் அட்டை

இந்த அட்டை பற்றிக் கேள்விப்பட்டவர் அதிகம். அதன் கணக்கு முறையை அறிந்தவர் குறைவு. ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்று மாவட்ட அளவில் ஆண்டுதோறும் நிர்ணயம் செய்கிறார்கள். இதற்குக் கடனளவு என்று பெயர். 2012-ல் திருத்திய திட்டத்தின்படி, அந்தத் தொகையோடு அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாக 10 சதவீதமும், பண்ணைக் கருவிகளைப் பழுது பார்க்க 20 சதவீதமும், பயிர்க் காப்பீட்டுப் பிரீமியமும் சேரும். கடனளவு ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஏக்கருக்கு 60,000, அதோடு 6,000, அதோடு 12,000, ஆக 78,000 ரூபாயும் பிரீமியமும் உச்சவரம்பாகும். வீட்டுச் செலவுக்கு என்று ஒரு பகுதி இதில் இருப்பதைப் பலர் அறிவதில்லை. அவசரத்திற்குக் கந்து வட்டிக்குப் போகாமல் இருக்கவே அது வைக்கப்பட்டுள்ளது.

முழுத் தொகையையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. உழவுக்கும் விதைக்கும் ஒரு முறை, நடவுக்கு ஒரு முறை, மேலுரத்திற்கு ஒரு முறை என்று எடுக்கலாம். எடுத்த தொகைக்கு, எடுத்த நாள் முதல்தான் வட்டி. கூட்டுறவுச் சங்கங்களில் ஒரு பகுதியை உரமாகவும் தருவார்கள்.

2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கிகள் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அதற்கு முன்பு இந்த வரம்பு 1,60,000 ரூபாயாக இருந்தது. சிறு விவசாயியின் தேவை பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். மாடு, ஆடு, கோழி வளர்ப்போரும் மீன் வளர்ப்போரும் 2018-19 முதல் இந்த அட்டையைப் பெறலாம். சொந்த நிலம் இல்லாமல் கறவை மாடு மட்டும் வைத்திருக்கும் பெண்களும் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

கெடு தேதி

கடன் வாங்கும்போது பாஸ் புத்தகத்தில் கெடு தேதியைச் சிவப்பு மையால் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 60,000 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 7 சதவீதத்தில் 4,200 ரூபாய். கெடுவுக்குள் கட்டினால் 2,400 ரூபாய். கெடு தவறிய அன்றே 1,800 ரூபாய் போய்விடுகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கியவருக்கு இழப்பு இன்னும் அதிகம். வட்டியில்லாக் கடன் வட்டியுள்ள கடனாகிவிடும். அதன் பின்பு நிலுவைக்கு வழக்கமான வட்டி ஏறும். அடுத்த போகத்திற்குக் கடன் கிடைப்பதும் சிரமமாகும்.

கடனைப் புதுப்பிப்பதற்காகச் சிலர் ஒரு வாரத்திற்குக் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, புதுக்கடன் வந்ததும் திருப்பிக் கொடுக்கிறார்கள். புதுக்கடன் வரத் தாமதமானால் கைமாற்றே பெரும் சுமையாகிவிடும். விளைச்சலை விற்ற அன்றே கடனுக்குரிய தொகையைக் கணக்கில் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பான வழி.

விலை மலிந்த நேரத்தில் கடன் கட்டுவதற்காக விளைபொருளைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். பொருளின் மதிப்பில் ஒரு பகுதியை உடனே தருவார்கள். விலை ஏறியதும் விற்றுக் கடனைத் தீர்க்கலாம். நன்றாகக் காய்ந்த, சுத்தம் செய்த பொருளுக்கே இது பொருந்தும்.

குத்தகை விவசாயிகளும் பெண்களும்

வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்வோருக்கு அடங்கலில் பெயர் இராது. கடன் அட்டை விதிகளின்படி குத்தகைதாரரும் வாரதாரரும் கடன் பெறத் தகுதியுள்ளவர்களே. ஆனால் சான்று காட்டுவதுதான் சிக்கல். நாலு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால், ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று ஈடின்றிக் கடன் பெறலாம். ஒருவர் தவறினால் மற்றவர் பொறுப்பு என்பதால், நாணயமானவர்களைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். நிலம் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்க, வயலில் பாடுபடும் பெண்களுக்குச் சுய உதவிக் குழுக்களே முதல் வழி. மாதச் சேமிப்பும் முறையான கூட்டமும் ஒழுங்கான பதிவேடும் உள்ள குழுவுக்கு வங்கிக் கதவு எளிதில் திறக்கும்.

பயிர் பொய்த்தால்

வெள்ளமும் வறட்சியும் வந்தால் எந்தக் கணக்கும் தப்பிப்போகும். அதற்காகத்தான் காப்பீடு. 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காப்பீட்டுத் தொகைக்கு விவசாயி செலுத்துவது காரிப் பருவத்தில் 2 சதவீதமும் ராபிப் பருவத்தில் 1.5 சதவீதமும் ஆகும். தோட்டக்கலைப் பயிர்களுக்கும் ஆண்டுப் பணப்பயிர்களுக்கும் 5 சதவீதம் வரை. 2020 காரிப் பருவம் முதல் கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. கடன் வாங்காமல் பயிரிடுவோர் பொதுச் சேவை மையத்தில் கடைசித் தேதிக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

இயற்கைச் சீற்றத்தால் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில், பயிர்க்கடனை நீண்ட தவணைக் கடனாக மாற்றியமைக்க விதிகளில் இடம் உண்டு. கெடு முடியும் முன்பே எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடன் தள்ளுபடி பற்றியும் ஒரு வார்த்தை. 2008-ல் மத்திய அரசும், 2021-ல் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன்களுக்கும் தள்ளுபடி அறிவித்தன. துன்பத்தில் இருந்தவர்களுக்கு அது உதவியது. ஆனால் தள்ளுபடி வங்கிக்கும் சங்கத்திற்கும் உரிய பாக்கிக்கே பொருந்தும். மூன்று வட்டிக்கு வாங்கியவரின் பாக்கி இந்தத் தள்ளுபடிகளில் சேரவில்லை. மிகவும் ஏழையானவர் அந்தப் பலனிலும் சேராமல் வெளியே நின்றார். நிறுவனக் கடனுக்குள் வருவதன் அவசியத்தை இதுவும் காட்டுகிறது.

விவசாயிகள் கவனத்திற்கு

1. வீட்டில் ஒரு நோட்டு வைத்து, யாரிடம், என்று, எவ்வளவு, என்ன வட்டிக்கு வாங்கியது என்று எழுதி வாருங்கள். சாகுபடிச் செலவுக் கணக்கின் கடைசி வரியில் வட்டியைச் சேருங்கள்.

2. பல கடன்கள் இருந்தால், வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள்.

3. சிட்டா, அடங்கல், ஆதார், கணக்குப் புத்தக நகல்களை ஒரே உறையில் தயாராக வைத்திருங்கள். பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்திற்கு இப்போதே மனுச் செய்யுங்கள்.

4. கடன் மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

5. ஆண்டுக்கு ஒரு முறை கடன் தகவல் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். கட்டிய கடன் பாக்கியாகக் காட்டப்பட்டால் திருத்தக் கேளுங்கள்.

6. வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்திடாதீர்கள். கந்து வட்டிக் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் உண்டு.

7. கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் என்று வரும் செயலிகளை நம்பி இறங்காதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், கொடுக்காதீர்கள்.

8. விளைச்சல் விற்ற பணத்தில் சிறு தொகையையாவது அவசரத்திற்கென்று கணக்கில் விட்டு வையுங்கள். அந்தத் தொகை இருந்தால் நடு இரவில் யார் கதவையும் தட்ட வேண்டியிராது.

மண் பரிசோதனை செய்யாமல் உரமிடக் கூடாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். இன்று பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வட்டியைக் கணக்கிடாமல் கடன் வாங்கக் கூடாது என்பதையும் அவ்வாறே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வரும் பட்டத்திற்கு விதை வாங்கும் முன்பு, சங்கத்திலோ வங்கியிலோ கடன் மனுவைக் கொடுத்துவிடுங்கள். வட்டியில் மிஞ்சும் இரண்டு குவிண்டால் நெல் உங்கள் களத்திலேயே தங்கட்டும்.